ஆறாம் நாள் உயர்த்திய கை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்தேன். இரண்டு முறை கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டு முறையும் தாளைக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டேன். முதற் காரணம் பயம். ஜூரியில் இருந்தவர்கள் அந்த அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று நீதிபதி எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னவர். இரண்டாவது காரணம் வெட்கம். பயம் வயதோடு குறைந்துவிட்டது. வெட்கம் குறையவில்லை. ஆனால் என்னைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை நடமாடுகிறது. அந்தக் கதை நடந்ததைவிட அழகானது. அதனால் ஒருத்திக்கு நடந்ததைக் கண்ட பிறகு இனிச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றப் பதினொரு பேரும் அந்த அறையில் கதைத்ததை எழுதமாட்டேன். அது அவர்களுடையது. நான் செய்ததை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவரோடும் மகளோடும் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்தேன். ஒடாஹுஹுவில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலம் பாதி விளங்கும், மீதியை ஆளின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்தது ஒரே தம்பி. அவன் இங்கே வருவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றபோது, சந்தேகத்தில் பிடித்துக்கொண்டுபோய் மறியல் சிறையில் போட்டார்கள். வழக்கு இல்லை, தவணை இல்லை, ஏனென்று கேட்க ஆளும் இல்லை. நான் சொல்லப்போகிற நேரத்தில் அவன் உள்ளே போய்ப் பத்து மாதம்.

தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. அரச முத்திரையோடு வரும் கடிதத்தை எங்கள் வீட்டில் உடனே உடைப்பதில்லை. தம்பியின் விசாப் பேப்பர்கள் குடிவரவுக் கந்தோரில் கிடந்த காலம். சாமித்தட்டில் வைத்து, விளக்குக் கொளுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் உடைப்போம். அன்றும் அப்படித்தான் உடைத்து மகளிடம் நீட்டினேன். அவளுக்குப் பதினாலு வயது. வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, இட்ஸ் ஒன்லி ஜூரி டியூட்டி."

"அப்பிடியெண்டா என்ன பிள்ளை? ஆரைப் பிடிச்சிட்டாங்கள்?"

"நோபடி அம்மா. யூ ஆர் த ஜட்ஜ். கைன்ட் ஒஃப்."

கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "எட்டாம் வகுப்பில ரெண்டு தரம் குந்தின ஆளை ஜட்ஜாப் போடுறாங்களாம். இந்த நாடு உருப்பட்ட மாதிரித்தான்."

"உங்களைக் கூப்பிடேல்லை எண்ட எரிச்சல்" என்றேன்.

"எனக்கென்ன எரிச்சல்? உம்மட்டைத் தீர்ப்புக் கேக்கப்போறவனை நினைச்சாத்தான் பாவமாக் கிடக்கு."

சும்மா பகிடிக்குச் சொன்னார். இன்றைக்கும் அந்த வசனம் என் காதில் இருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். விரிப்பு மடிக்கிறவளையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே நேரம் இன்னொரு எண்ணமும் வந்தது. அது நல்ல எண்ணம் அல்ல. இங்கே ஒருத்தனை விசாரிக்கப் பன்னிரண்டு பேரை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார்கள். என் தம்பிக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. யாரென்றே தெரியாத அந்த ஒருத்தன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு ஏன் பன்னிரண்டு பேர்?

பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். அவர்கள் வரச் சொன்ன திங்கட்கிழமை கந்தசஷ்டியின் மூன்றாம் நாள்.

சஷ்டி விரதம் ஆறு நாள். முதல் நாள் மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். பகலில் தண்ணீர் மட்டும். பின்னேரப் பூசைக்குப் பிறகு ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர் பார்க்கவேண்டும். ஏழாம் நாள் காலை முழுகி, காப்பை அவிழ்த்து, பாறணைச் சோறு சாப்பிடவேண்டும். இப்படி ஆறு வருடம் விடாமல் பிடித்தால்தான் நேர்த்தி நிறைவு. ஒரு நாள் தவறினாலும் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு அது ஆறாவது வருடம். தம்பியைப் பிடித்த பிறகு, ஆறு வருடப் பலனையும் அவன் வெளியே வரவேண்டும் என்று நேர்ந்திருந்தேன்.

சமயக் காரணம் இருந்தால் வரமுடியாது என்று எழுதலாம், அதற்கென்று கடிதத்தில் ஒரு இடம் இருக்கிறது என்றாள் மகள். பேனையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கணவர் அதைப் பறித்து மேசையில் போட்டார்.

"கவுண்மேந்து கூப்பிட்டு மாட்டன் எண்டு எழுதப்போறீரோ? நாளைக்கு உம்மட தம்பியின்ர பேப்பரை எடுத்துப் பாக்கிறவன், இவையள் ஒண்டுக்கும் ஒத்துவராத ஆக்கள் எண்டு ஓரமா வைப்பான். பேசாமப் போய்க் குந்தியிட்டு வாரும்."

"டாட், தே ஆர் டிஃபரன்ட் ஒஃபிசஸ்" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியாது. எல்லாக் கவுண்மேந்தும் ஒரு வீடுதான்."

மகள் சொன்னதுதான் சரி. ஆனால் நாங்கள் வந்த இடத்தில் ஒரு கந்தோரில் விழுந்த கரி எல்லாக் கந்தோரிலும் தெரியும். நான் அவர் சொன்னதை நம்பினேன். எழுதவில்லை.

திங்கட்கிழமை பெரிய அறை ஒன்றில் நூறு பேர் அளவில் இருந்தோம். பெயர்ச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து ஜூரிப் பக்கம் நடக்கவேண்டும். போய் உட்காருவதற்குள் இரண்டு பக்க வழக்கறிஞர்களில் யாராவது வேண்டாம் என்றால் திரும்பி வரவேண்டும், காரணம் சொல்லமாட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு இந்தியக் கடைக்காரர் நடந்தார், வேண்டாம் என்றார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் நடந்தார், வேண்டாம். அவர் முகம் செத்துப்போனது. என் பெயரைச் சொன்னபோது, முருகா, என்னையும் வேண்டாம் என்று சொல்ல வை என்று கும்பிட்டுக்கொண்டு நடந்தேன். குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கறிஞர் என் பொட்டைப் பார்த்தார். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கும்பிடுகிற பெண், அவசரப்பட்டு ஒருத்தனைத் தள்ளமாட்டாள் என்று நினைத்திருப்பார்.

உண்மையான தீர்ப்புச் சொல்வேன் என்று எல்லோரும் உறுதி எடுத்தோம். என் பாட்டுக்குக் காப்பைத் தொட்டுக்கொண்டேன்.

வழக்கு இதுதான். தெற்குப் பக்கத்தில் ஒரு மூலைக் கடை. இங்கே டெயரி என்பார்கள். ஒரு பின்னேரம் ஏழு மணியளவில் தலைமூடிச் சட்டை போட்ட ஒருத்தன் கடைக்குள் வந்து, கடைக்காரரைப் போத்தலால் அடித்துவிட்டுக் காசையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கடைக்காரருக்கு ஒரு கண் பார்வை பாதி போய்விட்டது. அவர் சாட்சி சொல்லும்போது அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. முகத்தை இரண்டு மூன்று நொடி கண்டேன் என்றார். சில கிழமைகளுக்குப் பிறகு பொலிஸ் காட்டிய படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் இருந்தவன்தான் கூண்டில் நின்றான். சமோவாப் பொடியன். இருபத்திரண்டு வயது. யாரோ கொடுத்த கோட்டு, கை நீளம் போதாமல் இருந்தது.

அவன் தாய் பின்வரிசையில் ஒவ்வொரு நாளும் இருந்தாள். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் ஓலையால் பின்னிய விசிறி. ஓயாமல் விசிறிக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை அந்தத் தாய் சாட்சி சொன்னாள். அந்தப் பின்னேரம் மகன் வீட்டில்தான் இருந்தான், சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் நிலத்தில் இருந்து செபம் செய்தோம், எங்கள் வீட்டில் அது தவறாது என்றாள். அரச வழக்கறிஞர் மெல்லிய ஆள், மரியாதையாகத்தான் கேட்டார். செபம் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வீர்களா? ஓம், மூடுவோம் என்றாள். முழுச் செபத்துக்குமா? ஓம். அப்படியானால் மகன் அங்கே இருந்தான் என்று எப்படித் தெரியும்?

எங்கள் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தாய் விசிறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த ஆளைப் பார்த்தபடி நின்றாள்.

எனக்குப் பதில் தெரியும். சாமியறையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது மகள் வந்து இருந்தால் எனக்குத் தெரியும். எழுந்து போனாலும் தெரியும். மூச்சு, உடுப்புச் சத்தம், அந்தப் பக்கத்துச் சூடு. கும்பிடுகிற வீட்டில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தாய் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. நான் என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன். கூண்டில் நின்றவன் அதைக் கண்டான்.

அவன் செய்தானா இல்லையா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அவன்தான் என்று சொல்ல அந்த இரண்டு மூன்று நொடி போதாது என்று எனக்குப் பட்டது. சந்தேகம் இருந்தால் விடவேண்டும் என்று நீதிபதி சொல்லித் தந்தார். அது எனக்கு விளங்கியது. ஆங்கிலத்தில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை எங்களை அறைக்குள் அனுப்பினார்கள். சஷ்டியின் ஆறாம் நாள். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். முதற் தடவை கை உயர்த்தியபோது விடவேண்டும் என்று நாலு பேர். மத்தியானம் கழிய இரண்டு பேர். நாலு மணிக்கு நான் மட்டும்.

நான் கதைத்தேன். என்னுடைய ஆங்கிலத்தில், கண் மூடினாலும் தாய்க்குத் தெரியும் என்று சொன்னேன். அதற்கு அவர்கள் சொன்னதை எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என்னை ஏசவில்லை, அதை மட்டும் சொல்லவேண்டும். என் பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரி, எந்நேரமும் கம்பளி பின்னிக்கொண்டிருப்பவள், நான் சாப்பிடாமல் இருப்பதைத் திங்கட்கிழமையிலிருந்து கவனித்தவள், ஒரு சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். நான் ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுக்காட்டித் தலையாட்டினேன். வயிற்றுக்குச் சுகமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்குக் கதவடியில் நின்ற அலுவலரிடம் கேட்டேன். முடியாவிட்டால் என்ன செய்வது? சிரித்துக்கொண்டு சொன்னார், கவலைப்பட வேண்டாம், இரவுச் சாப்பாடு தருவோம், ஹோட்டலில் தங்க வைப்போம், நாளைக்குத் தொடரலாம். வீட்டுக்குப் போய் வரலாமா? முடியாது. வேண்டுமென்றால் வீட்டுக்குச் செய்தி சொல்லிவிடுகிறோம்.

ஹோட்டல் என்றால் சூரன்போர் இல்லை. காலையில் பாறணை இல்லை. காப்பை யார் அவிழ்ப்பது? ஆறாம் வருடம், ஆறாம் நாள். மறியலில் தம்பி சீமெந்து நிலத்தில் படுத்திருப்பது என் கண்ணுக்குள் வந்தது. கண்ணுக்கு முன் இருந்த மற்றவனை நான் காணவில்லை.

இதிலே ஒன்றை ஒளிக்கக்கூடாது. விரதத்தைப் பற்றி அந்த அறையில் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார்களோ என்னவோ. அந்தக் கம்பளிக்காரி எழுந்து போய் எனக்காகக் கேட்டிருப்பாள், அப்படிப்பட்ட மனுசி. எனக்குக் கேட்க வெட்கம். பொம்மைச் சூரனுக்குத் தலை வெட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்காமல் இருப்பதற்காக ஒருத்தனை மறியலுக்கு அனுப்பினேன் என்று சொன்னாலும் அது பொய்யில்லை.

ஐந்து மணி கழிந்ததும் கடைசியாக ஒரு முறை கை கேட்டார்கள். முருகா, நீயே பார்த்துக்கொள், என் கையை நீதான் உயர்த்துகிறாய் என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு உயர்த்தினேன். உயர்த்தியது வலது கை. காப்பு இடது கையில். அதை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன்.

ஏன் மனம் மாறினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். கம்பளிக்காரி என் தோளைத் தட்டினாள்.

திரும்பிப் போய் வரிசையில் இருந்தோம். எங்கள் ஜூரித் தலைவர் எழுந்து குற்றவாளி என்றார். எல்லோருடைய தீர்ப்பும் அதுதானா என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. பின்வரிசையில் விசிறி நின்றது. அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் அவனுடைய முகம் கொஞ்சம் சாய்ந்தது, ஏதோ கணக்கில் பிழை விட்டவன் மாதிரி. தலையாட்டியவள் இவள்தானே என்று நினைத்திருப்பான். நான் குனிந்து நூலைப் பார்த்தேன்.

வெளியே கணவர் காரில் காத்திருந்தார்.

"முடிஞ்சுதோ? என்னவாம் தீர்ப்பு?"

"குற்றவாளி."

"நல்லது. கெதியா ஏறும், சனம் வந்திட்டுது, சூரன் வெளிக்கிடப்போறான்."

அப்போது எங்களுக்குக் கோயில் இல்லை. பிளாக்ஹவுஸ் பே பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை செய்வோம். சூரனின் தலைகளை எங்கள் ஆம்பிளைகள் காட்போட்டிலும் பழைய பேப்பரிலும் ஒட்டிச் செய்து, பல்லுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இரண்டு பேர் சூரனைத் தூக்கி ஆட்ட, நாலு பேர் முருகனைத் தூக்கிக்கொண்டு ஓட, மண்டபத்துப் பின்வளவில் சண்டை. வெயில் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தலையும் விழ விழப் பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கை தட்டினார்கள். கடைசித் தலை விழுந்தபோது நானும் தட்டினேன். அடுத்த நாள் முழுகிப் பாறணை உண்டேன். முதற் பிடி சோறு எவ்வளவு ருசியாக இருந்தது என்பது எனக்கு இப்போதும் ஞாபகம். அது தொண்டையில் சிக்கவில்லை. சிக்கியது என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். சிக்கவில்லை.

தண்டனை சொல்ல இன்னும் சில கிழமை இருந்தது. அந்த நாட்களில் எனக்கு நித்திரை கெட்டது. கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். நீதிமன்றத்துக்குப் போய் அதைச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

"உமக்கு விசரே? சத்தியம் செய்துபோட்டு விரதத்துக்காகக் கை தூக்கினனான் எண்டு சொன்னா, உம்மையும் பிடிச்சு உள்ள போடுவாங்கள். அதோட உம்மட தம்பியின்ர பேப்பரும் குப்பைக்குள்ளதான். ஒரு தம்பி போதாதோ, ஆரோ ஒருத்தனுக்காக ஏன் மாயிறீர்?"

வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒருநாள் மகள் பத்திரிகையில் ஒரு சிறிய துண்டைக் காட்டினாள். நாலரை வருடம்.

தை மாதம் தம்பியை விட்டார்கள். காரணம் சொல்லவில்லை, பிடித்தபோதும் சொல்லவில்லைத்தானே. அடுத்த வருடம் விசாவும் கிடைத்தது. இதற்குத்தான் எனக்குச் சொல் வரவில்லை. முருகன் கேட்டதைத் தந்தான். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தந்தானா, கொடுக்காமல் இருந்திருந்தாலும் தந்திருப்பானா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

அதற்குள் மண்டபத்தில் கதை பரவியிருந்தது. தமிழ்நாட்டுக்காரி ஒருவர், நல்ல மனுசி, பூ கட்டுகிற இடத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லுவார். என் கணவர் பெருமையில் சொன்ன பாதியைக் கேட்டு மீதியைத் தானே சேர்த்திருந்தார்.

"கோர்ட்ல உக்காந்தும் விரதத்தை விடல இந்த அக்கா! மத்தவங்க சாண்ட்விச் சாப்பிடுறப்ப இவங்க பச்சத் தண்ணி. ஜட்ஜே ஆச்சரியப்பட்டுப் போயிட்டாராம். சரியா சூரசம்ஹாரத்துக்கு நேரம் பாத்து விட்டுட்டாங்க. முருகன் சும்மா இருப்பானா? ரெண்டே மாசத்துல தம்பி வெளிய வந்துட்டான்."

"ஆமாதானே அக்கா?" என்று என்னைப் பார்ப்பார். நான் சிரிப்பேன்.

தம்பி வந்து முதற் சஷ்டிக்கு அவனையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் முன்னால் அவனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அந்த அம்மா கதையை மறுபடி சொன்னார். சனம் அரோகரா என்றது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இடது கையில் இரண்டு விரல் மடியாது, மறியலில் உடைந்தவை.

வீட்டுக்கு வந்து கோப்பி கேட்டான். குடித்துக்கொண்டு, "என்ன கோர்ட்டுக் கதையக்கா அது?" என்றான்.

மற்ற எல்லோரிடமும் சிரித்துச் சமாளித்தவளுக்கு அவனிடம் முடியவில்லை. கடிதம் வந்ததிலிருந்து விசிறி நின்றது வரை சொன்னேன். உனக்காகத்தான் ராசா என்றும் சொன்னேன். அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உள்ளுக்க ஒரு சிங்கள ஐயா இருந்தவர், அதிகாரி. எங்கட பைல் எல்லாம் அவற்ற மேசையிலதான். நல்ல மனுசன். ஒருநாளும் அடிக்கேல்லை, தூசணம் பேசேல்லை. மூண்டாம் மாசம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர், உன்னில ஒண்டும் இல்லைப்போல கிடக்கு, ஆனா முழுக்க வாசிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து வைக்கவேணும், நாளைக்குப் பௌர்ணமி, போயா நாள், நான் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகவேணும், கடைசி பஸ்ஸை விட்டா இல்லை. அப்பிடிச் சொல்லிப்போட்டு பைலை மூடி அடியில வைச்சிட்டார். பிறகு அது மேல வர தை மாசமாச்சு."

நான் அவனுடைய மடியாத விரல்களைப் பார்த்தேன்.

"அடிச்சவங்களை எனக்கு இப்ப முகம் ஞாபகமில்லை" என்றான். "அந்த ஐயாவைத்தான் மறக்க ஏலாமக் கிடக்கு. உங்களை மாதிரி, நல்ல மனுசன்."

"தம்பி..."

"நான் நேரத்துக்கு வெளிய வந்திருந்தா நீங்கள் எனக்காக விரதம் பிடிச்சிருக்கத் தேவையில்லை. அவர் பஸ்ஸை விட்டிருந்தா நான் வந்திருப்பன். நீங்கள் சூரனை விட்டிருந்தா அந்தப் பொடியன் வீட்டை போயிருப்பான். எல்லாரும் கடவுளிட்டைத்தான் ஓடியிருக்கிறியள்." சிரித்தான். "கோப்பி நல்லாயிருக்கு."

அந்த மாதமே ஒடாஹுஹுவில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். சண்டை ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், மகளோடு ஆங்கிலத்தில் பகிடி விடுவான். சஷ்டி தொடங்கினால் ஏழு நாளும் வரமாட்டான், தொலைபேசியும் எடுக்கமாட்டான். என்னுடைய பாறணைச் சோற்றை அவன் இன்றுவரை தொடவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அந்தக் கதையைக் கேட்டுப் பலர் விரதம் பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் புருசனை ஊரில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், ஆள் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அவள் பாலும் பழமும்கூட இல்லாமல் வெறும் தண்ணீரில் பிடித்தாள். ஆறு வருடம். ஒரு நாளும் தவறவில்லை. ஆறாம் வருடம் காப்பு அவிழ்த்த பிறகு என்னிடம் வந்தாள். முகத்தில் எலும்புதான் இருந்தது.

"அக்கா, உங்களுக்குக் குடுத்தவர் எனக்கேன் குடுக்கேல்லை? நான் எதில பிழை விட்டனான்? உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கோ."

அவளுக்கும் நான் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, பொறு பிள்ளை, அவர் சோதிக்கிறார் என்றேன். அடுத்த வருடம் அவள் மறுபடி முதலாம் வருடம் தொடங்கினாள்.

தங்கச்சி, நீ ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டவள் நான். இதுதான் உனக்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதில்.

நான் இப்போதும் சஷ்டி பிடிக்கிறேன். முருகனை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை. கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். நாலரை வருடத்தையும் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக எண்ணினேன். அது முடிந்த பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. ஓலை விசிறி வைத்திருக்கிற பொம்பிளையைக் கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போய்விடுவேன்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். பூ கட்டுகிற இடத்திலும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். ஜட்ஜ் ஆச்சரியப்பட்டார் என்று சேர்க்க வேண்டாம். நான் அழுதேன் என்று சேர்க்க வேண்டாம், அழவில்லை. தம்பியின் பேச்சை மென்மையாக்க வேண்டாம். காப்புக் கட்டிய கை மேசைக்குக் கீழே இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.